ஸ்குவாட்டைத் திருத்தும் முன் தொடையை அளங்கள்

எடை பூட்டிய கம்பியை (பார்) தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் உடல் முன்னால் சாய்ந்தாலே "நெஞ்சை நிமிர்த்து" என்று சத்தம் போடுவது ஜிம்களில் வழக்கம். தொடை நீண்டவருக்கு அந்தச் சாய்வுதான் சரி. பார் எப்போதும் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். தொடை நீளமென்றால் இடுப்பு அதிகம் பின்னால் போகும். அதை ஈடுகட்ட உடல் சாய்ந்தே ஆக வேண்டும். வலுக்கட்டாயமாக நிமிர்ந்தால் பின்னால் சரிவார்.

முதலில் அளவு. மெத்தையில்லாத ஸ்டூலில், இடுப்பும் முதுகும் சுவரில் ஒட்ட உட்காருங்கள். முழங்காலில் ஒரு புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து, சுவரிலிருந்து அதன் அட்டைவரை இரும்பு டேப்பால் அளங்கள். தையல் டேப் தொய்ந்து அளவைக் கெடுக்கும். அடுத்து, ஸ்டூலின் பலகையிலிருந்து தோள் எலும்பின் மேல்முனைவரை அளங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமென்றால் சாதாரண உடல்வாகு. முதல் அளவு 62, இரண்டாவது 56 செ.மீ. என்று வந்தால் நீண்ட தொடை.

பிறகு கணுக்கால். வெறுங்காலில், பெருவிரலைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைத்து, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். எட்டவில்லையா? சாய்வுக்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

நீண்ட தொடைக்காரர் கால்களைத் தோளகலத்தைவிடச் சற்று விரித்து, பாதங்களை 30 டிகிரி வெளியே திருப்பலாம். தொடை பக்கவாட்டில் விரிவதால் இடுப்பு பின்னால் போகும் தூரம் குறையும். கணுக்கால் இறுக்கமென்றால் குதிகால் 2 செ.மீ. உயர்ந்த ஷூ நல்லது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது பலன் தந்தது என்றே தெரியாமல் போகும். செல்போனை இடுப்புயரத்தில் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுங்கள். உடல் சாய்வது பரவாயில்லை. கீழ்முதுகு வளைந்தால் எடையைக் குறையுங்கள்.

தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் கை நீண்டவருக்கு லாபம்: அதிகம் குனிய வேண்டாம், தூக்கும் தூரமும் குறைவு. பாரின் முனைகளில் 45 செ.மீ. விட்டமுள்ள பிளேட் (வட்ட எடைத்தட்டு) போட்டால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். பல ஜிம்களில் 10 கிலோ பிளேட் சிறியது. பார் தாழ்ந்து, கை குட்டையானவரின் முதுகு வளைந்துவிடும். பிளேட்டுக்கு அடியில் கட்டை வைத்து 22.5-க்கு உயர்த்துங்கள்.

பெஞ்சில் படுத்து பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் அதே நீண்ட கை பாதகம். ஒருவருக்கு பார் 40 செ.மீ., இன்னொருவருக்கு 50 செ.மீ. நகர்ந்தால், அதே 60 கிலோவுக்கு இரண்டாமவர் 25 சதவீதம் கூடுதல் வேலை செய்கிறார். பார் நெஞ்சைத் தொடும்போது முன்கை செங்குத்தாக நிற்குமாறு பிடியின் அகலத்தை வையுங்கள்.