தூக்கத்தில் மூச்சுத் தடைபடாமல் இருக்கக் காற்று செலுத்தும் சிபாப் (CPAP) மெஷின் ஆன் ஆகவில்லையா?

சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன், அடாப்டரைச் சுவரிலிருந்தும் மெஷினிலிருந்தும் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். பிறகு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். ஒயர் அடாப்டரில் சேரும் இடத்தையும் அழுத்திச் செருகுங்கள், அங்கேதான் அடிக்கடி லூஸாக இருக்கும்.

மின்னழுத்தம் திடீரென ஏறினால் பல அடாப்டர்கள் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தால்தான் பூட்டு விடும். அடாப்டர் விளக்கு தனியாக எரிந்து, மெஷினில் செருகியதும் அணைந்தால் கோளாறு பெரும்பாலும் மெஷினில்தான்.

கருகல் வாசனை வந்தாலோ, ஈரப்பதத் தொட்டித் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தாலோ இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ஆன் ஆகாதது வென்டிலேட்டரோ, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரோ என்றால் காத்திருக்கவே கூடாது. உடனே மாற்றுக் கருவியையோ சிலிண்டரையோ மாட்டிவிட்டு, அப்புறம் சர்வீஸுக்குப் போன் செய்யுங்கள்.