சிறையிலிருந்து வருபவரின் மருத்துவம் அறுந்துபோகாமல் இருக்க: அமெரிக்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. வெளியே வந்த முதல் 2 வாரங்களில் அவர்களுக்கு இருந்த மரண அபாயம், அந்த மாநிலத்தின் மற்ற மக்களுக்கு இருப்பதைவிட 12.7 மடங்கு. போதைமருந்தின் அளவு மீறியதுதான் முதன்மைக் காரணம். ‘முதலில் வீட்டுக்கு வரட்டும், காப்பீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று குடும்பத்தார் தள்ளிப்போடுவது அந்த 2 வாரங்களைத்தான். இதைவிடப் பெரிய தவறு இல்லை.

தள்ளிப்போடுவதற்கு ஒரு தவறான புரிதலும் காரணம். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட், 1965-ல் தொடங்கிய நாளிலிருந்தே, சிறையில் இருப்பவரின் வைத்தியச் செலவை ஏற்பதில்லை. வெளி மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்தால் மட்டும் விலக்கு உண்டு. இதைக் கேட்டவர்கள், உள்ளே இருக்கும்போது விண்ணப்பிக்கவே முடியாது என்று நினைத்துவிடுகிறார்கள். தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே மெடிக்கெய்ட் உள்ளவர் சிறைக்குப் போனால் அதை ரத்து செய்யக் கூடாது, நிறுத்திவைக்க மட்டுமே செய்யலாம் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். ஆனால் நிறுத்திவைத்தது விடுதலையன்று தானாக உயிர்பெற்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. சிறையிலிருந்து தகவல் போய்ச் சேரத் தாமதமானால் மருந்துக்கடையில் அட்டை செல்லாது. விடுதலைச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அன்றே மெடிக்கெய்ட் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். பழைய முகவரியையும் மாற்றுங்கள். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் காலி செய்த வீட்டுக்குப் போய், அதனாலேயே காப்பீடு போனவர்கள் உண்டு. தங்க இடமில்லாதவரும் விண்ணப்பிக்கலாம். பரோலிலோ புரொபேஷனிலோ (சிறைக்குப் பதிலான நன்னடத்தைக் கண்காணிப்பு) இருப்பவருக்கு மெடிக்கெய்ட் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது மருந்து. காப்பீடு கிடைத்துவிட்டால் வைத்தியமும் கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநல மருந்து, எச்.ஐ.வி. மருந்து எதுவானாலும் கையில் எத்தனை நாளுக்கு இருக்கிறது, அடுத்த சீட்டை எழுதப்போகும் மருத்துவர் யார் என்ற இரண்டுக்கும் விடுதலைக்கு முன்பே பதில் வேண்டும். சிறை மருத்துவக் குறிப்புகளை வெளி மருத்துவமனைக்கு அனுப்புவதற்கான ஒப்புதல் படிவத்தில் உள்ளே இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வெளியே வந்தபின் அதற்கு அலைவது பெரும்பாடு.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைமருந்துப் பழக்கம் இருந்தவர் விஷயத்தில் ஒரு நம்பிக்கை உயிரையே வாங்குகிறது: ‘உள்ளே இத்தனை மாதம் தொடவில்லை, விட்டுவிட்டார்.’ உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவே இப்போது கொல்லும். அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெதடோன், புப்ரெனார்பின் போன்ற மருந்துகளை ‘இன்னொரு போதை’ என்று ஒதுக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-ன் நடுவில் தன் சிறைகளில் இந்த மருந்துகளைக் கொடுக்கத் தொடங்கி, வெளியிலும் தொடர ஏற்பாடு செய்தது. அந்த ஆண்டின் முதல் 6 மாதங்களில் அளவு மீறி இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் சிறையிலிருந்து வந்தவர்கள். 2017-ன் அதே மாதங்களில் 9 பேர். ஓபியாய்டு அளவு மீறியவரை மீட்கும் நலோக்ஸோன் மூக்கு ஸ்பிரே வீட்டில் இருக்கட்டும், கூட இருப்பவர்களுக்கு அதை அடிக்கத் தெரியட்டும்.

மாநிலங்களின் பங்கும் இதில் உண்டு. விடுதலைக்கு 90 நாள் முன்பிருந்தே சில சேவைகளுக்கு மெடிக்கெய்ட் பணம் தர, 2023 ஜனவரியில் கலிபோர்னியா முதல் அனுமதியைப் பெற்றது. பிறகு வேறு மாநிலங்களும் பெற்றன. இத்தகைய திட்டத்தில் வைத்தியம் விடுபடாமல் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் ஒருவர், போதைப்பழக்க சிகிச்சை, விடுதலையன்று கையில் 30 நாள் மருந்து ஆகியவை கட்டாயம். உங்கள் மாநிலத்தில் இது இருக்கிறதா என்று சிறை அலுவலர்களிடம் கேட்காமல் விடாதீர்கள். நடைமுறையில் இது சறுக்குவது, ஒருங்கிணைப்பை ஒரு தொலைபேசி எண்ணோடு முடித்துவிடும்போதுதான். சான் பிரான்சிஸ்கோவில் 2006-ல் தொடங்கிய டிரான்சிஷன்ஸ் கிளினிக்கில், தாங்களே சிறைவாசம் கண்டவர்கள் சமூக சுகாதாரப் பணியாளர்களாக இருக்கிறார்கள். வெளியே வந்த குழப்பத்தில் இருப்பவர் அவர்களிடம் மனம்விட்டுப் பேசுவார். என் கணிப்பில், எந்தக் கணினி அமைப்பையும்விட முதலில் செலவழிக்க வேண்டியது இத்தகையவர்களின் சம்பளத்துக்குத்தான்.

வயதானவர்களுக்கு வேறொரு சிக்கல். உள்ளே இருந்தபோது பிரீமியம் கட்டாததால் மெடிகேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு) திட்டத்தில் மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான பகுதி பி போயிருந்தால், விடுதலைக்குப் பின் 12 மாதத்துக்குள் அபராதமின்றிச் சேரலாம். அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் தனியார் காப்பீட்டுக்கு 60 நாள்தான்.

டெக்சஸ், புளோரிடா போன்று மெடிக்கெய்டை வருமானம் குறைந்த எல்லாப் பெரியவர்களுக்குமாக விரிவாக்காத மாநிலங்களில், குழந்தையில்லாத, உடல் ஊனமில்லாத ஏழைக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. அங்கே விண்ணப்பம் தள்ளுபடியானதும் சோர்ந்து வைத்தியத்தையே விட்டுவிடக் கூடாது. மத்திய அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்கள் வருமானத்துக்கு ஏற்பவே கட்டணம் வாங்குகின்றன. பணமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப அவற்றுக்கு அனுமதியில்லை. வீட்டுக்கு அருகே உள்ள மையத்தில், விடுதலைத் தேதி தெரிந்தவுடனே முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கிவிடுங்கள்.