பழைய காரின் ஹீட்டர் கோர்: கெடாமல் காப்பதும் கெட்டால் சரிசெய்வதும்

காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு நோட்டுப்புத்தக அளவில் சிறிய ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. இன்ஜினில் சூடேறிய கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக அதற்குள் வந்து திரும்புகிறது. ப்ளோயர் தள்ளும் காற்று அதன் மெல்லிய தகடுகளின் ஊடே புகுந்து, சூடாகிக் காருக்குள் வருகிறது. இதுவே ஹீட்டர் கோர். சமவெளியில் கார் ஓட்டும் பலர் ஹீட்டர் பக்கம் கையைக் கொண்டுபோவதே இல்லை என்பதால், இது தமக்குத் தேவையற்ற உறுப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் ஹீட்டரைப் போட்டாலும் போடாவிட்டாலும் அது இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்போடு இணைந்தே இருக்கிறது. அதில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் குறைந்து இன்ஜின் ஓவர்ஹீட் ஆகும். அது அடைத்துக்கொண்டாலோ, குன்னூர் மூடுபனியில் முன்கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க சூடான காற்று வராது.

பழைய காரில் ஹீட்டர் கோர் கெடுவதற்கு வயதைவிட, ரேடியேட்டரில் ஊற்றப்படும் தண்ணீரே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. கூலன்ட் குறைந்தவுடன் குழாய்த் தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றி நிரப்பும் வழக்கம் இங்கே ஊறிப்போயிருக்கிறது. அந்தத் தண்ணீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சூட்டில் பிரிந்து சுண்ணாம்புப் படிவாக ஒட்டிக்கொள்கின்றன. குளோரைடு உப்புகள் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கின்றன. பெரிய ரேடியேட்டரின் குழாய்கள் இதைச் சில காலம் தாங்கலாம். ஹீட்டர் கோரின் குறுகிய குழாய்களில் நீரோட்டமும் குறைவு என்பதால், கசடு முதலில் தங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே முதல் வேலை சரியான கூலன்டை ஊற்றி, அதை உரிய காலத்தில் மாற்றுவது. செறிவாக விற்கப்படும் கூலன்டைப் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும். கலந்தே விற்கப்படும் வகையில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது என்பதால், கேனின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே ஊற்ற வேண்டும். உறைபனியே இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலன்டில் உறைவைத் தடுக்கும் கிளைக்காலோடு அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன, நமக்கு முக்கியமாக வேண்டியவை அவையே. அந்த வேதிப்பொருள்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகும். பழைய பச்சை நிற வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கரிம அமில வகைகள் பொதுவாக ஐந்து ஆண்டுவரை தாங்கும். நிறத்தை மட்டும் பார்த்து வகையைத் தீர்மானிக்க வேண்டாம், ஏனெனில் நிறுவனத்துக்கு நிறுவனம் சாயம் மாறுகிறது. ஒத்துப்போகாத இரண்டு வகைகள் கலந்தால் அரிப்புத் தடுப்பு பலவீனமாகும், சில சமயம் கூழ்போலத் திரண்டு குழாய்களை அடைக்கவும் செய்யும்.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடியாகவே நினைக்கிறார்கள். அது உள்ளே ஏறத்தாழ 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தேக்கிவைத்து, கொதிநிலையைச் சுமார் 20 டிகிரி உயர்த்துகிறது. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டோ பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் மலையேறும்போது கொதிப்பதற்கு அதிக இடைவெளி இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். அதே மூடி அடைத்துக்கொண்டு அழுத்தத்தை வெளிவிடாமல் போனால், பலவீனமான இடம் எதுவோ அதுவே வெடிக்கும். பழைய காரில் அது பெரும்பாலும் ஹோஸாகவோ ஹீட்டர் கோராகவோ இருக்கும். மூடியை மாற்றும்போது அதே அழுத்த அளவுள்ளதையே வாங்குங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு காரணம் எர்த் ஒயர். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் இணைப்பு துருப்பிடித்தால், மின்சாரம் கூலன்டின் வழியே பாதை தேடி உலோகத்தை அரிக்கத் தொடங்கும். புதிய கோர் போட்டும் சில மாதங்களில் மீண்டும் ஓட்டை விழுகிறது என்றால், கோரைக் குறைசொல்வதற்கு முன் இதைச் சோதிக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வையுங்கள். அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும், 0.3 வோல்ட்டைத் தொட்டால் கவலைப்பட வேண்டும். ஹெட்லைட்டையோ ஃபேனையோ போட்டதும் அளவு ஏறினால் அந்தச் சாதனத்தின் எர்த்தைப் பாருங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போதே ஏறியிருந்தால் கூலன்ட் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கக்கூடும்.

ஹீட்டருக்கான தண்ணீர் வால்வு உள்ள கார்களில், ஆண்டுக்கணக்கில் ஹீட்டரைப் போடாவிட்டால் கோருக்குள் பழைய கூலன்ட் அசையாமல் தேங்கிக் கிடக்கும். மாதம் ஒருமுறையாவது பத்து நிமிடம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட்டுங்கள். ஹீட்டர் வேலை செய்வதில் வேறொரு பயனும் உண்டு: ஊட்டி மலைப்பாதையின் அடிவாரத்திலுள்ள கல்லாறு தாண்டி ஏறும்போது வெப்பமானி மேலே போனால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவதுமாகத் திறப்பது இன்ஜின் சூட்டில் ஒரு பகுதியை வெளியேற்றி, வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டும்வரை உதவும்.

இனி, கெட்டதை எப்படிக் கண்டுகொள்வது என்பதற்கு வருவோம். காருக்குள் இனிப்பான ஒரு வாடை, ப்ளோயரைப் போட்டதும் முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப்பசை போன்ற படலம், முன்னிருக்கைக்குக் கீழே ஈரமான கார்பெட், வெளியில் சொட்டு எதுவும் தெரியாமலேயே குறையும் கூலன்ட் ஆகியவை கசிவின் அடையாளங்கள். கார்பெட் ஈரமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஏசியின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்தாலும் அதே இடம்தான் நனையும். வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஏசித் தண்ணீர் நிறமும் மணமும் இன்றி இருக்கும். கூலன்ட் என்றால் சாயம் பிடிக்கும், விரலில் பிசுபிசுக்கும்.

கசிவு இல்லை, சூடு மட்டும் வரவில்லை என்றால், இன்ஜின் சூடேறி ஹீட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது ஃபயர்வாலில் (இன்ஜின் அறையையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தகடு) நுழையும் இரண்டு ஹோஸ்களையும் ஃபேன், பெல்ட் ஆகியவற்றில் கை படாமல் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் கோரில் நீரோட்டம் இருக்கிறது. கோளாறு காற்றைத் திருப்பும் தகட்டிலோ அதன் கேபிளிலோ இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று), திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் ஆகியவற்றைப் பாருங்கள்.

அடைப்பை நீக்க, இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு அந்த இரண்டு ஹோஸ்களையும் கழற்ற வேண்டும். இங்கே அவசரம் கூடவே கூடாது. ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுத்தால் கோரின் குழாய் முனை உடைந்து, சின்ன வேலை டேஷ்போர்டு இறக்கும் வேலையாகிவிடும். ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்துவிட்டுப் புதியது போடுங்கள், ஹோஸின் விலை கோரின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. பிறகு, கூலன்ட் வெளியேறும் முனைவழியாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி, திசையை மாற்றி மாற்றி, தெளிந்த நீர் வரும்வரை அலசி, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் விட வேண்டும். கம்ப்ரஸர் காற்றையோ, செம்பு ரேடியேட்டருக்கு முன்பு பயன்படுத்திய வலுவான அமிலத்தையோ அலுமினியக் கோரில் விட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அலசிய பிறகு கசிவு தோன்றினால், ஏற்கெனவே விழுந்திருந்த ஓட்டையைக் கசடு அடைத்துக்கொண்டிருந்தது என்றே பொருள்.

கசிவு உறுதியானால் இரண்டு ஹோஸ்களையும் வளைந்த குழாயால் இணைத்து, கோரைச் சுற்றில் இருந்து விலக்கி வீடு வந்து சேரலாம். இதைத்தான் பைபாஸ் என்கிறார்கள். சில இன்ஜின்களில் ஹீட்டர் வழியிலும் நீரோட்டம் தேவை என்பதால் முனைகளை வெறுமனே அடைப்பதைவிட இணைப்பதே பாதுகாப்பு. ஆனால் இதையே நிரந்தரமாக்கிக்கொண்டு மலைப்பாதையில் போவதை நான் ஏற்கமாட்டேன். ஈரக் காற்றை ஏசி உலர்த்தி, ஹீட்டர் சூடாக்கி அனுப்பும்போதுதான் கண்ணாடி விரைவில் தெளியும். கசிவை அடைக்க ஊற்றும் திரவமும் பொடியும் கசிவை மட்டும் தேடிப் போவதில்லை. அவை குறுகிய குழாய்களையும் ரேடியேட்டரையும் சேர்த்தே அடைக்கக்கூடும்.

கோரை மாற்றும் வேலை வண்டிக்கு வண்டி வேறுபடும். சிலவற்றில் பயணியின் கால் பக்கமாகவே உருவிவிடலாம். பலவற்றில் டேஷ்போர்டையே இறக்க வேண்டும். ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரும் அதே பெட்டியில் இருந்தால், ஏசி கேஸைக் காற்றில் விடாமல் இயந்திரத்தில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக் உள்ள காரில் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். இவ்வளவு கழற்றியபின் ஹோஸ், கிளாம்ப், கோரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சுப் பட்டை ஆகியவற்றைப் பழையதாகவே விடுவது சிக்கனமாகாது. டேஷ்போர்டை மூடுமுன் கைபம்பால் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்; அந்த அழுத்தம் மூடியில் குறித்துள்ள அளவைத் தாண்டக் கூடாது.

நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி அடங்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, வண்டி முற்றிலும் ஆறியதும் அளவைப் பார்த்து நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வடித்த பழைய கூலன்டைத் தெருவிலோ சாக்கடையிலோ ஊற்றாமல் மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவை முறையாக அப்புறப்படுத்தும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் வாயில் வைத்துவிடலாம்; சிறிதளவே சிறுநீரகத்தைச் சிதைக்கும், உயிரையும் பறிக்கும்.