ஊட்டியும் தீம் பார்க்கும் ஒரே பயணத்தில்: அரையாண்டு விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே மேட்டுப்பாளையத்தில் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு ஊட்டிக் குளிரும் வேண்டும், பிளாக் தண்டரில் ஆட்டமும் வேண்டும். அந்த நீர்ப் பூங்கா ஊட்டி போகிற சாலையில், மலையடிவாரத்திலேயே இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று பெற்றோரும் கிளம்புகிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். எதை முதலில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறுகின்றன.

வழியில் முதலில் வருவது பூங்கா. அதனால் முதல் நாளே அங்கே இறங்கி, மாலை ஐந்து மணி வரை தண்ணீரில் ஆடிவிட்டு, அப்படியே மலை ஏறுகிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஆக, அந்த இரண்டு மணி நேரப் பயணத்திலேயே 12 டிகிரி இறங்கிவிடும். போதாததற்கு டிசம்பர் இரவு வேறு.

குன்னூர் மலைப்பாதையில் வரும் பர்லியார் டீக்கடைகளின் முன்னால் மாலை ஆறரை மணிக்கு நின்று பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். கார் கதவு திறக்கும். தலைமுடி இன்னும் காயாத ஒரு குழந்தை, அம்மாவின் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, உதடு வெளுத்து இறங்கும். பாதி தூரம் வருவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்திருக்கும். ஸ்வெட்டர் எங்கே என்றால் டிக்கியில், பெட்டிக்குள் பெட்டியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். இன்னும் குன்னூர் வரவில்லை. அதற்குள் மூடுபனி சாலையில் இறங்கிவிடும். மறுநாள் காலை ஊட்டி பார்க்க வேண்டிய பிள்ளை, காய்ச்சலோடு லாட்ஜ் அறையில் படுத்திருக்கும்.

மலையை முதலில் வையுங்கள், பூங்காவைக் கடைசி நாளுக்கு வையுங்கள். குளிரில் இரண்டு மூன்று நாள் ஒடுங்கிக் கிடந்த உடம்புக்கு அடிவாரத்து வெயில் இதமாக இருக்கும். கடைசி நாளில் தண்ணீர் ஆட்டம் உண்டு என்ற ஆசையில் பிள்ளைகளும் மலையில் நச்சரிக்காமல் இருப்பார்கள். சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: மேட்டுப்பாளையத்திலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், ஆடிய களைப்புக்குப் பிள்ளைகள் விடியும்வரை அசையமாட்டார்கள்.

தேதியும் இ-பாஸும்

டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை நம் பள்ளிகளுக்கு மட்டுமா விடுமுறை? கேரளத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறை, கர்நாடகத்திலிருந்து புத்தாண்டுக் கூட்டம். மூன்று மாநிலத்து வண்டிகளும் ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பில் வந்து முட்டிக்கொள்ளும். குன்னூரிலிருந்து ஊட்டி 19 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த வாரத்தில் கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துதான் போவீர்கள். முடிந்தால் விடுமுறையின் முதல் இரண்டு மூன்று நாளிலேயே போய்வந்துவிடுங்கள். தேதியை மாற்ற முடியாதவர்கள் ஊட்டி நகருக்குள் அறை தேடாமல் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கலாம். குளிர் சற்றுக் குறைவு என்பதால் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு அது இன்னும் நல்லது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. கட்டணம் கிடையாது, இணையத்தில் பதிவு செய்தால் போதும். 2025 கோடையில் நீலகிரிக்கு வேலை நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பும் வைத்தார்கள். இதெல்லாம் கோடைக்குத்தான், டிசம்பரில் கேட்கமாட்டார்கள் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சிக்னல் கிடைக்காத போனில் பதிவு செய்யத் திணறுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள், நடைமுறையில் உள்ள விதியை ஒருமுறை சரிபார்த்து, வீட்டிலேயே பாஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது.

எத்தனை இடம் பார்ப்பது

தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா, தேயிலைத் தொழிற்சாலை, பைக்காரா. இத்தனையையும் ஒரே நாளில் அடைக்கும் பட்டியல்கள் போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதை நம்பிப் போனால் பிள்ளைகள் பார்ப்பது முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைத்தான். காலையில் ஓர் இடம், மதியத்துக்கு மேல் ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம். 1848-இல் உருவான தாவரவியல் பூங்கா 55 ஏக்கர். புல்வெளியில் பிள்ளைகளை ஓடவிட்டாலே அரை நாள் போய்விடும். மலர்க் கண்காட்சியைப் படத்தில் பார்த்துவிட்டு அதே பூக்கோலத்தை எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு. அது மே மாதத்து விழா.

டிசம்பருக்கு என்றே ஊட்டியில் ஒரு காட்சி இருக்கிறது, அதைத்தான் பலரும் தூங்கித் தவறவிடுகிறார்கள். உறைபனி. வானம் தெளிந்த இரவுக்கு மறுநாள் விடியலில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கூரையை நகத்தால் சுரண்டினால் பனி பொடிப்பொடியாக உதிரும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் நீராகிவிடும். பிள்ளைகளுக்குக் குல்லா, கையுறை, காலுறை எல்லாம் மாட்டி ஆறரை மணிக்கே வெளியே வந்துவிட்டால் போதும், காசு கொடுத்து எந்தப் பூங்காவிலும் பார்க்க முடியாததை அவர்கள் பார்ப்பார்கள். மழை மேகம் சூழ்ந்த நாட்களில் உறைபனி விழாது. அன்றைக்குத் தூங்கவிடுங்கள்.

மலை ரயிலையே நம்பி மொத்தத் திட்டத்தையும் போடுவதும் இந்தப் பருவத்தில் ஆபத்து. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நீடிக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள், அநேகமாக ஆண்டுதோறும் இது நடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியளவில் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சிறு குழந்தைகளுக்கு அது நீண்ட நேரம். குன்னூர்–ஊட்டி மட்டும் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும், சுரங்கப் பாதையில் கத்தும் சந்தோஷமும் கிடைக்கும். ஆனால் பல் சக்கரத் தண்டவாளம் கல்லாறு–குன்னூர் பகுதியில்தான் இருக்கிறது. அதைக் காட்டத்தான் போகிறோம் என்றால் கீழிருந்துதான் ஏற வேண்டும்.

மலைச்சாலை

சமவெளியில் நன்றாக ஓட்டுகிறவர்கள் மலையில் செய்யும் பெரிய தவறு, இறங்கும்போது பிரேக்கை மட்டுமே நம்புவது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். நியூட்ரலில் விடவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால் கீழ் கியரில் நிறுத்தும் வசதி எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள். கருகிய வாடை வந்தால் பிரேக் கொதித்துவிட்டது என்று பொருள். அகலமான இடம் பார்த்து நிறுத்தி, தானாக ஆறும்வரை அரை மணி நேரமாவது காத்திருங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு தவறு. கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் வளையும், விரிசலும் விடும். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழிவிடுங்கள்.

வாந்திக்குப் பயந்து பிள்ளைகளைப் பட்டினி போடுபவர்களும் இருக்கிறார்கள், வழியில் பூரியும் பொங்கலும் வாங்கிக் கொடுத்து ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஆகாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். கையில் இருக்கும் போனை வாங்கி வைத்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் கண் திரையில் நிலைத்திருக்க, உடம்பு மட்டும் சாய்வதுதான் பல குழந்தைகளுக்குக் குமட்டலைக் கிளப்புகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்வெட்டர்கள் கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

அறையில் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குளிர் தாங்காமல் கரி அடுப்பையோ, இரவு கோழி வாட்டிய பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுவந்து, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுக்காதீர்கள். கனல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். மலைக்குச் சுற்றுலா வந்த இளைஞர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். அறை எடுக்கும்போதே கூடுதல் கம்பளி உண்டா, வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும், மின்சார ஹீட்டர் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி நாள், தண்ணீரில்

ஊட்டியிலிருந்து காலை ஏழு மணிக்காவது கிளம்பிவிட வேண்டும். தாமதித்தால் இறங்குகிற கூட்டத்தில் மாட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பூங்காவுக்குள் நுழைவீர்கள். டிசம்பரில் நீர்ப் பூங்காவின் நல்ல நேரம் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை. வெயில் சாயத் தொடங்கியதும் ஈர உடம்பில் காற்று பட்டாலே நடுக்கம் எடுக்கும். எனவே நனையும் ஆட்டங்களை முதலில் முடித்து, உலர்ந்த சவாரிகளைப் பிற்பகலுக்கு வையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பருத்தி உடையோடு குளத்தில் இறங்க நீர்ப் பூங்காக்களில் பொதுவாக விடமாட்டார்கள். நைலான் நீச்சலுடையை ஊரிலேயே வாங்கி வந்தால், அங்கே வாடகைக்கு வரிசையில் நிற்க வேண்டாம். தங்கச் சங்கிலி, கொலுசு, தோடு எதுவும் வேண்டாம், அலைக்குளத்தில் கழன்றால் கிடைக்காது. பெரிய சறுக்குகளுக்கு உயர வரம்பு உண்டு. டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த வரம்பை விசாரித்து, எதில் ஏற முடியாது என்பதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைந்து திரும்பும் குழந்தையின் அழுகையைத் தவிர்க்கலாம். அலைக்குளத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பாதுகாப்பு ஊழியர் இருக்கிறார் என்று கரையில் உட்கார்ந்துவிடக் கூடாது. தாத்தா பாட்டிக்கு நிழலில் ஓர் இடம் பார்த்து, எல்லோரும் திரும்பக் கூடும் இடமாக அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் சளி பிடித்த பிள்ளை இருந்தால் அன்றைக்குப் பூங்காவை விட்டுவிடுங்கள். முன்கூட்டியே டிக்கெட் வாங்கிய காசு போகிறதே என்று இறக்கிவிட்டால் இருமல் முற்றும். நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் ஆட்டம் முடிந்ததும் தலையைத் துவட்டி, உள்ளாடை உட்பட உலர்ந்த துணி மாற்றி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள். அதற்கான ஒரு செட் துணியும் துண்டும் ஊட்டியில் பெட்டி கட்டும்போதே தனிப் பையில் போய்விட வேண்டும்.