இருவர் மட்டும் உள்ள பாய்மரப் படகில் நங்கூரமிடும் முறை

கரையோரமாகப் பயணம் செய்யும் தம்பதியர் இருட்டுவதற்கு முன்பே காற்று மறைவான இடத்தை அடைந்து, ஒருவர் சுக்கானிலும் மற்றவர் படகின் முன்முனையான அணியத்திலும் நிற்க வேண்டும். எஞ்சின் இரைச்சலில் கத்திப் பேசுவது பெரும்பாலும் சண்டையில்தான் முடியும் என்பதால், கைச் சைகைகளை முன்பே முடிவுசெய்துகொள்வது நல்லது.

காற்றை எதிர்நோக்கிப் படகை நிறுத்தி, அது பின்னகரத் தொடங்கியதும் நங்கூரத்தை இறக்க வேண்டும். உயர் ஓதத்தின்போது, அதாவது கடல்மட்டம் மிகவும் உயர்ந்திருக்கும்போது, இருக்கும் நீராழத்துடன் நீர்மட்டத்துக்கு மேலுள்ள அணியத்தின் உயரத்தையும் கூட்டி, சங்கிலியாயின் அதைப்போல் 5 மடங்கும், பெரும்பகுதி கயிறாயின் 7 மடங்கும் விடுவது வழக்கம். அதாவது, 4 மீட்டர் ஆழத்துக்கும் 1 மீட்டர் உயரத்துக்கும் 25 மீட்டர் சங்கிலி தேவை. பின்னர் எஞ்சினை மெல்லப் பின்னோக்கி இயக்கும்போது, கரையில் நேர்கோட்டில் தெரியும் இரு பொருள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை என்று கொண்டு, எடுத்து மீண்டும் இட வேண்டும்.

இரவில் எல்லாத் திசைகளிலும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும்.