பேக்கேஜ் மேனேஜரை அப்டேட் பண்றேன்னு சிஸ்டத்தை உடைச்சுக்காதீங்க

சாயங்காலம் என் ரூமுக்கு லினக்ஸ் கத்துக்க நாலஞ்சு பசங்க வருவாங்க, மதுரை கே.கே. நகர்ல. போன வாரம் அதுல ஒரு தம்பி டெர்மினல்ல ஏதோ டைப் பண்ணிட்டு என்டர் தட்டப் போறான், நான் தற்செயலா ஸ்க்ரீனைப் பாத்தேன். உபுண்டு 24.04. 'சுடோ பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் பிப்', அதுக்கு வாலா '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்'. பிப்ங்கறது பைதான் பேக்கேஜ் ஏத்துற டூல், சுடோ போட்டா எல்லா அதிகாரத்தோடயும் ஓடும். டேய் நிறுத்துறான்னு கையைப் புடிச்சுட்டேன். "இல்லண்ணே, முதல்ல எர்ரர் வந்துச்சு, அந்த எர்ரர்லயே இதைச் சேத்துப் போடலாம்னு இருந்துச்சுண்ணே"ங்கறான். இருந்துச்சுதான். ஆனா அதே வரியில 'உங்க பைதானோ ஓஎஸ்ஸோ உடையுற ரிஸ்க் இருக்கு'ன்னும் இருக்கு, அதை அவன் படிக்கல. நானும் ஒரு காலத்துல படிக்காதவன்தான், அதுக்கு ஒரு கடை முழுசாக் கஷ்டப்பட்டுச்சு. அதனாலதான் இதை எழுதுறேன்.

ஆப்ட்தான் உபுண்டுவோட சொந்த பேக்கேஜ் மேனேஜர். 'ஆப்ட் அப்டேட்' லிஸ்டை மட்டும்தான் புதுப்பிக்கும், 'ஆப்ட் அப்கிரேட்'தான் உண்மையிலயே புதுசை ஏத்தும்ங்கற மாதிரி விஷயமெல்லாம் ரெண்டு நாள்ல தானா புரிஞ்சிரும், அதை விட்டுர்றேன்.

ஆப்ட் போட்டதை பிப்பை வச்சு அப்டேட் பண்றது

இதான் பெருசு. இன்னைக்கு நினைச்சாலும் எனக்கு எரிச்சல் அடங்கல.

2018. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். பில்லிங் மெஷின்ல உபுண்டு 16.04. சித்திரைத் திருவிழா சமயம், மாசி வீதியெல்லாம் கால் வைக்க இடம் இல்ல, வெளியூர் சில்லறைக் கடைக்காரங்க கட்டுக் கட்டா எடுத்துக்கிட்டுப் போறாங்க. அன்னன்னைக்கு வியாபாரத்தை எக்செல்ல எடுத்துக் குடுக்க ஒரு சின்ன பைதான் ஸ்க்ரிப்ட் எழுதுவோம்னு உக்காந்தேன். பிப் ஓட்டுறப்பல்லாம் அடியில மஞ்சள் கலர்ல ஒரு வரி வரும், நீங்க 8.1.1ல இருக்கீங்க, 10 வந்துருச்சு, அப்கிரேட் பண்ணுங்கன்னு. பிப் 10 வெளியானது அந்த வருஷம் ஏப்ரல் 14, நம்ம புத்தாண்டு அன்னைக்கே. அந்த மஞ்சள் வரி கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சரி போட்டுருவோம்னு சுடோ சேத்துப் போட்டேன். நல்லபடியா ஏறுச்சுன்னுதான் சொல்லுச்சு.

அடுத்து பிப்னு தட்டுனா 'இம்போர்ட் எர்ரர்: கேனாட் இம்போர்ட் நேம் மெயின்'.

நடந்தது இதுதான். ஆப்ட் மூலமா வந்த பிப்புக்கு '/யூஎஸ்ஆர்/பின்' உள்ள ஒரு குட்டி ஸ்க்ரிப்ட் இருக்கும், நாம 'பிப்'னு தட்டுனா ஓடுறது அதுதான். அது உள்ள போயி 'மெயின்'ங்கற ஃபங்ஷனைக் கூப்புடும். பிப் 10ல அந்த ஃபங்ஷனை வேற இடத்துக்கு மாத்திட்டாங்க. நான் சுடோ போட்டு ஏத்துன புது பிப் '/யூஎஸ்ஆர்/லோக்கல்' பக்கம் போயி உக்காந்துருச்சு, ஆப்ட் வச்ச பழைய ஸ்க்ரிப்ட் அது இருந்த இடத்துலயே இருக்கு. பழைய ஸ்க்ரிப்ட் புது பிப்புக்குள்ள போயி இல்லாத ஆளைத் தேடுது. இதுல இன்னொண்ணு, டெர்மினல் முன்னாடி ஓட்டுன பிப் எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட்டும். அந்த ஜன்னலை மூடிட்டு வேற டெர்மினல் தொறந்திருந்தாலே போதும், இல்ல 'ஹேஷ் -ஆர்'னு தட்டியிருந்தாப் போதும். ம்புட்டுத்தான் வைத்தியம்.

எனக்கு அது தெரியல. பைதானே உடைஞ்சுபோச்சு, எடுத்துட்டுத் திரும்பப் போட்டுருவோம்னு 'ஆப்ட் ரிமூவ் பைதான்3', அதுவும் கேள்வியே கேக்காம இருக்க '-ஒய்' வேற. உபுண்டுவுல பைதான்3ங்கறது நாம ப்ரோக்ராம் எழுத மட்டும் வச்ச சாமான் இல்ல, சிஸ்டத்தோட பாதி வேலை அதை நம்பித்தான் ஓடுது. அப்டேட் மேனேஜர் போச்சு, யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போச்சு, டெஸ்க்டாப்பே கழண்டுக்கிட்டுப் போச்சு. என்னென்ன எடுக்கப் போறேன்னு ஆப்ட் ஒரு நீள லிஸ்ட் போடும், '-ஒய்' இல்லாம இருந்தா அதுல நின்னு கேட்டிருக்கும், நானும் ஒரு வரியாவது படிச்சிருப்பேன். ரீஸ்டார்ட் பண்ணுனா கருப்புத் திரையில லாகின்னு மட்டும் வருது.

கவுன்டர்ல ஆளுங்க நிக்கறாங்க. முதலாளி உள்ள இருந்து பழைய பில் புக்கை எடுத்து, கார்பன் பேப்பரைச் சொருகி கையால எழுத ஆரம்பிச்சுட்டாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல. "தம்பி, நாளைக்குக் கடை தொறக்கறப்ப பில் வருமா வராதா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னாரு. கடையில இருந்த இன்டர்நெட்டு வேகத்துக்கு டெஸ்க்டாப் பேக்கேஜை மறுபடி இறக்கி முடிக்க ராத்திரி ஆயிருச்சு. அன்னைக்குக் கையால போட்ட பில்லையெல்லாம் சிஸ்டத்துல ஏத்த நானே ரெண்டு நாள் உக்காந்தேன், மூணாவது காப்பியில கார்பன் மங்கி 3 எது 8 எதுன்னு தெரியாம ஒவ்வொண்ணையும் அவர்கிட்டக் கேட்டுக் கேட்டு ஏத்துனேன்.

அதுக்கப்புறம் நான் வச்சுக்கிட்ட வழக்கம் ஒண்ணே ஒண்ணு. ஒரு டூலை அப்டேட் பண்றதுக்கு முன்னாடி அதை யார் போட்டதுன்னு பாப்பேன். 'டைப் -ஏ பிப்3'னு தட்டுனா எத்தனை பிப் எங்கெங்க இருக்குன்னு வந்துரும். ஆப்ட்டுக்கு அடியில இருந்து பேக்கேஜை ஏத்தி கணக்கு வச்சுக்கறது டிபிகேஜி; 'டிபிகேஜி -எஸ் /யூஎஸ்ஆர்/பின்/பிப்3'ன்னு குடுத்தா (எஸ் பெரிய எழுத்து) 'பைதான்3-பிப்'னு பேக்கேஜ் பேரு வந்துச்சுன்னா அது ஆப்ட்டோட சொத்து, ஆப்ட் குடுக்கறப்பதான் அது மாறணும். வெர்ஷன் பழசா இருக்கேன்னு வருத்தப்படாதீங்க, டெபியன்காரங்களும் (உபுண்டுக்கு அடிப்படையான லினக்ஸ் அதுதான்) உபுண்டுக்காரங்களும் வெர்ஷன் நம்பரை மாத்தாமலே செக்யூரிட்டி ஓட்டையை மட்டும் அடைச்சுக் குடுப்பாங்க.

புது பிப்தான் வேணும்னா 'பைதான்3 -எம் வென்வ்'ல தனியா ஒரு என்விரான்மென்ட் போடுங்க, சிஸ்டம் பைதானைத் தொடாம ஒரு ஃபோல்டருக்குள்ளயே இருக்கும். அதுக்குள்ள பிப்பை தினமும் பத்துத் தடவை அப்கிரேட் பண்ணுங்க, உடைஞ்சா அந்த ஃபோல்டரை அழிச்சுட்டு ஒரு நிமிஷத்துல வேற போட்டுக்கலாம். பைதான்ல எழுதுன கமாண்ட் லைன் டூல் மட்டும்தான் வேணும்னா பிப்எக்ஸ் இருக்கு, ஒவ்வொரு டூலையும் தனித்தனி என்விரான்மென்ட்ல போட்டுரும். டெபியன் 12ல இருந்து பிப் தானாவே தடுத்து நிறுத்துறது இந்த மாதிரி ஆளுங்க அடிபட்டதுக்கு அப்புறம்தான், அந்தத் தடையைத் தாண்ட வழி தேடாதீங்க.

நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டுறது) போடுறவங்களுக்கும் இதே கதை. அதோட பேக்கேஜ் மேனேஜர் என்பிஎம்; ஆப்ட்ல வந்த என்பிஎம்மை சுடோ போட்டு அதை வச்சே அப்டேட் பண்ணாதீங்க, நோட் வெர்ஷன்களை உங்க ஹோம் ஃபோல்டர்லயே வச்சுக்கற என்விஎம் வழியாப் போங்க.

லாக் ஃபைலை அழிக்கறது

'குட் நாட் கெட் லாக்'னு வந்தவுடனே தேடிப் பிடிச்சு '/வார்/லிப்/டிபிகேஜி'க்குள்ள இருக்கற லாக் ஃபைலை ஆர்எம் போட்டுர்றாங்க. பூட்டுப் போட்டு உள்ள ஒருத்தர் வேலை பாத்துக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம், பெரும்பாலும் அது அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்ங்கற ஆட்டோமேட்டிக் அப்டேட், மெஷின் ஆன் பண்ணுன கொஞ்ச நேரத்துல தானா ஓடும். ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, முடிஞ்சிருக்கும். பூட்டை உடைச்சு ரெண்டு பேர் ஒரே நேரத்துல டிபிகேஜி கணக்குல எழுதுனா அந்தக் கணக்கை நேராக்க ஒரு நாள் போயிரும்.

கரண்ட் போற அன்னைக்கு அப்கிரேட்

மாசாந்திர பராமரிப்புக்கு உங்க ஏரியாவுல என்னைக்குக் கரண்ட் நிறுத்துவாங்கன்னு முதல் நாளே பேப்பர்ல வந்துரும். புதூர்ல ஒரு அக்கா, காலைல அப்கிரேடைப் போட்டுட்டு சமைக்கப் போயிட்டாங்க, யூபிஎஸ் கிடையாது, பாதியில நின்னுருச்சு. போன் பண்ணி அழுகாத குறை. கரண்ட் வந்ததும் 'சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அப்புறம் 'சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்', ரெண்டையும் போடச் சொன்னேன், எந்திரிச்சு நின்னுருச்சு. நடுவுல கெர்னல் (சிஸ்டத்தோட அடிப்படை) ஏறிக்கிட்டு இருந்திருந்தா மெஷின் பூட்டே ஆகாமப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. தூரத்து சர்வர்னா டீமக்ஸ்குள்ள (கனெக்‌ஷன் அறுந்தாலும் டெர்மினலை உயிரோட வச்சிருக்கற டூல்) ஓட்டுங்க, இங்கிட்டு ரௌட்டர் அணைஞ்சாலும் அங்கிட்டு வேலை நடக்கும்.

பைதான்3 லிங்க்கை வேற வெர்ஷனுக்குத் திருப்பறது

வேண்டாம். உபுண்டுல டெர்மினலே தொறக்காமப் போயிரலாம்.

ஆர்ச் லினக்ஸ்ல 'பேக்மேன் -எஸ்ஒய்' மட்டும் போடுறது

பேக்மேன்தான் ஆர்ச்சோட பேக்கேஜ் மேனேஜர், '-எஸ்ஒய்' லிஸ்டை மட்டும்தான் புதுப்பிக்கும். முழுசா '-எஸ்ஒய்யூ' போடுங்க, பாதி அப்டேட்டை ஆர்ச்சே ஏத்துக்கறதில்ல.

காலாவதியான உபுண்டுல 404 வருதுன்னு மிரரை மாத்திக்கிட்டே இருக்கறது

எல்டிஎஸ் (நீண்ட கால சப்போர்ட் உள்ள வெர்ஷன்) இல்லாத உபுண்டுக்கு ஒம்பது மாசம்தான் ஆயுசு. அதுக்கப்புறம் அந்த பேக்கேஜையெல்லாம் 'ஓல்ட்-ரிலீசஸ்' சர்வருக்கு நகட்டிருவாங்க, நீங்க எந்த மிரரைப் (பேக்கேஜ் நகல் வச்சிருக்கற சர்வரை) போட்டாலும் கிடைக்காது. டேட்டாவை பேக்கப் எடுத்துட்டு எல்டிஎஸ் ஒண்ணைப் போடுங்க. அந்த ஜவுளிக் கடை மெஷின் காலாவதி ஆகலைன்னாலும் அதையும் அப்படித்தான் பேக்கப் எடுத்துப் புதுசாப் போட்டேன், திருவிழா முடிஞ்சு கூட்டம் வத்துன ஒரு ஞாயித்துக்கிழமை, யூபிஎஸ் மாட்டி, பில் புக் ஒண்ணு கவுன்டர்ல எடுத்து வச்சுட்டு.