வெப்ப அதிர்ச்சிக்கு மரபணு தரும் பதிலை அளப்பது எப்படி?

1962இல் மரபியலாளர் ரிட்டோசா பழ ஈயின் குரோமோசோம்களில் கண்டறிந்த வெப்ப அதிர்ச்சி வினையை, அதாவது திடீர் வெப்பத்தில் சில மரபணுக்கள் முடுக்கிவிடப்படுவதை, மனித உயிரணுக்களிலும் அளக்கலாம். 37 டிகிரி செல்சியஸில் வளர்ந்த ஹீலா எனும் ஆய்வக மனித உயிரணுக்களின் இரு தட்டுகளில் ஒன்றை மட்டும் 42 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். புரதங்கள் உருக்குலையத் தொடங்கியதும், அதுவரை துணைப்புரதங்களின் (பிற புரதங்கள் சரியாக மடிய உதவுபவை) பிடியில் அடங்கியிருந்த எச்எஸ்எஃப்1 எனும் மரபணு முடுக்கிப் புரதம் விடுபட்டு, மும்மூன்றாக இணைந்து, அத்தகைய துணைப்புரதம் ஒன்றைத் தரும் எச்எஸ்பி70 மரபணுவின் முகப்பில் அமர்ந்து, அது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுவதை முடுக்கிவிடும்.

பின்னர் இரு தட்டுகளிலிருந்தும் ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து, டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியால் தூய்மைப்படுத்துங்கள். பலர் தவிர்க்கும் இந்தப் படிநிலைதான் இங்கு மிக முக்கியமானது. இம்மரபணுவில் இன்ட்ரான்கள் (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதிகள்) இல்லாததால், பிசிஆர் எனும் டிஎன்ஏ பெருக்கு முறையில் எஞ்சிய டிஎன்ஏவும் ஆர்என்ஏவின் படி போலவே பெருகி அளவைப் பொய்யாக்கும். எனவே ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் தலைகீழ் படியெடுப்பு நொதி சேர்க்காத ஒரு மாதிரியையும் உடன் வைத்து, வெப்பத்தால் மாறாத மரபணு ஒன்றோடு ஒப்பிட்டே பிசிஆர் முடிவைக் கணக்கிடுங்கள்.